ஜாமீன் என்னும் பிணை

நீதிமன்ற வளாகத்திலும் நாளிதழ்களிலும் நாளும் புழங்கும் 'ஜாமீன்' என்ற சொல், அரபு மொழியில் பிறருக்காகப் பொறுப்பேற்பவரைக் குறித்த சொல்லாகத் தோன்றி, பாரசீகம், உருது வழியாக நம் ஆட்சி வழக்கில் நுழைந்தது. இந்தியில் இன்றும் 'ஜாமின்' என்றால் பொறுப்பேற்கும் ஆள்தான். விடுதலையைக் குறிக்க 'ஜமானத்' என்ற தனிச்சொல் உண்டு. தமிழிலோ ஆளைக் குறித்த சொல்லே விடுதலைக்கும் பெயராகிவிட, ஆளைச் சுட்ட 'ஜாமீன்தாரர்' என்று இன்னொரு சொல் தேவைப்பட்டது. நிலத்தைக் குறிக்கும் 'ஜமீன்' இதனோடு தொடர்பற்ற வேறு சொல்.

இதற்குரிய தமிழ்ச்சொல் 'பிணை'. பிணைத்தல் என்றால் ஒன்றோடொன்றைக் கட்டுதல். கதிரடிக்கும் களத்தில் சேர்த்துக் கட்டப்படும் மாடுகளுக்குப் பிணையல் என்று பெயர். விடுவிக்கப்பட்டவர் விசாரணைக்கு வந்து நிற்பதாகக் கொடுத்த வாக்கால் நீதிமன்றத்தோடு கட்டப்பட்டிருக்கிறார் என்பதை இச்சொல் தெளிவாகவே காட்டுகிறது. இலங்கைத் தமிழில் 'சரீரப் பிணை', 'காசுப் பிணை' என்றுதான் செய்திகளே எழுதப்படுகின்றன. ஆகவே இது அகராதிக்குள் அடங்கிய சொல் அன்று. முன்ஜாமீனை முன்பிணை என்றும், ஜாமீன்தாரரைப் பிணையாளர் என்றும் தயங்காமல் எழுதலாம்.

தமிழ்ச்சொல்லைக் காட்டிலும் உடனடியாகத் திருத்தப்பட வேண்டிய ஒரு தொடர் நம்மிடம் இருக்கிறது. 'ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவில் வழக்கு' என்று நாளிதழ்கள் எழுதுவதைப் படித்துவிட்டு, இனி மனுப் போட்டும் பயனில்லை என்று கலங்கும் குடும்பங்கள் உண்டு. உண்மையில் அத்தகைய குற்றங்களிலும் பிணை கிடைக்கும். அதை உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் வழக்கின் தன்மையை ஆராய்ந்து தன் விருப்புரிமைப்படி முடிவு செய்யும் என்பதே பொருள். 'பிணையை உரிமையாகக் கோர முடியாத குற்றம்' என்று எழுதினால் நீளம் கூடும், ஆனால் பொய்யான அச்சம் நீங்கும்.

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிணை என்றால் என்ன என்று எங்கும் வரையறுக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, தன் 2-ஆம் பிரிவிலேயே அதை வரையறுக்கிறது. பிணையாளருடன் எழுதித் தரப்படுவது பிணைப் பத்திரம் என்றும், பிணையாளர் இல்லாமல் விடுதலைக்காக ஒருவர் தாமே தரும் உறுதிமொழி வெறும் பத்திரம் என்றும் அச்சட்டம் பிரித்துச் சொல்கிறது. 'சொந்த ஜாமீன்' என்று வழங்குவது இந்த இரண்டாவது வகைதான்.

இந்தப் பிரிப்பின் பயன் 479-ஆம் பிரிவில் தெரிகிறது. மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றங்கள் நீங்கலாக, அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரைப் பிணையில் விட வேண்டும் என்பது முன்பே இருந்த பொது விதி. புதிய சட்டமோ, ஆயுள் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களையும் இவ்விதியிலிருந்து விலக்கிவிட்டு, இதற்கு முன் எக்குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் மூன்றில் ஒரு பங்கு காலத்தைக் கழித்திருந்தாலே 'பத்திரத்தின் பேரில்' விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது. மூன்றாண்டு வரை தண்டனைக்குரிய திருட்டு வழக்கில் இது ஓராண்டு. வரையறையோடு சேர்த்துப் படித்தால், இங்கே பிணையாளர் தேவையில்லை என்றே பொருள்படுகிறது. இரு நபர் ஜாமீனுக்கு வீட்டு வரி ரசீதுடன் ஆள் தேடி அலைய முடியாத கூலித் தொழிலாளிக்கு இந்த ஒரு சொல் எவ்வளவு பெரியது!

ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இச்சலுகை கிடைக்காது என்ற நிபந்தனை கடுமையானது. ஒரே சம்பவத்துக்குப் பல வழக்குகள் பதியப்படும் சூழலில் அது ஏழைகளையே தாக்கும் என்பது என் கருத்து. ஆயினும் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஜூலை 1-க்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இப்பிரிவு பொருந்தும் என்று தெளிவாக்கியது. உரிய காலம் நிறைந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. அது நடக்காதபோது, கைதியின் வீட்டார் கைது நாளையும் 479-ஆம் பிரிவையும் குறிப்பிட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமின்றி உதவி கேட்கலாம்.