பழைய வெள்ளை ஒயினைக் கொட்டிவிடும் முன்

சார்டொனே என்பது அதே பெயருள்ள திராட்சையின் வெள்ளை ஒயின். இருபது ஆண்டு கடந்த கலிபோர்னியா சார்டொனேயைத் திறந்து ஊற்றினால் அடர்ந்த பொன்னிறத்தில் இறங்கும். சில சமயம் தீக்குச்சி கிழித்தது போன்ற நெடியும் கூடவே வரும். கூட்டத்தில் ஒருவர் உடனே "கெட்டுப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார், மற்றவர்களும் தலையாட்டுவார்கள். நல்ல பாட்டில்கள் பல இப்படித்தான் தொட்டிக்குள் போகின்றன.

எல்லா வெள்ளை ஒயினும் பழசாக்கத் தகுந்ததல்ல. கலிபோர்னியாவில் விற்பதில் பெரும்பகுதி மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் குடித்து முடிக்க வேண்டியதுதான். நீடிப்பவற்றைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் புளிப்பு. திராட்சையின் மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாவது நொதிப்பைச் சில தயாரிப்பாளர்கள் நடக்க விடுவதில்லை. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், ஸ்பிரிங் மவுண்டனில் 1952இல் முதல் ஒயினை எடுத்த ஸ்டோனி ஹில் நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது. அங்கே சார்டொனே பழைய மரப்பீப்பாயில் வளரும், வெண்ணெய் வாசனையும் புது ஓக் மணமும் அதில் இருக்காது. 1976இல் பாரிஸில் பெயர் மறைத்து நடந்த சுவைப்போட்டியில் வெள்ளை ஒயின்களில் பிரெஞ்சு ஒயின்களை முந்தி முதலிடம் பெற்ற நாபாவின் 1973 சாட்டோ மான்டலீனா சார்டொனேயும் இந்த வழியில் வந்ததே.

வாங்கும்போது ஆண்டைவிட, பாட்டில் எங்கே இருந்தது என்பதைக் கேளுங்கள். 12, 13 டிகிரியில் படுக்கவைத்து இருட்டில் காத்த பாட்டிலும் சமையலறை அலமாரியில் நின்ற பாட்டிலும் லேபிளில் மட்டுமே ஒன்று. நிற்கவைத்து, தக்கையின் அடியிலிருந்து ஒயின் மட்டம் வரை அளந்து பாருங்கள். இரண்டு, மூன்று செ.மீ. இறங்கியிருப்பது இந்த வயதுக்கு இயல்பு. ஐந்தைத் தாண்டினால் காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

திறப்பதற்கு முந்தைய நாள் பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் போதும். அடியில் சர்க்கரைத் துகள் போல மின்னுவது டார்டாரிக் அமில உப்பின் படிகம், கெடுதல் இல்லை. தக்கைதான் பெரிய தலைவலி. திருகாணியை வேகமாக இழுத்தால் நடுவில் முறியும். இரு தகடுகள் கொண்ட 'ஆ-சோ' திறப்பான் நல்லது: நீளத் தகட்டை முதலில் நுழைத்து, இரு பக்கமும் மாற்றி மாற்றி அழுத்தி இறக்கி, சுழற்றியபடி மேலே எடுக்க வேண்டும். தக்கை ஏற்கெனவே தளர்ந்திருந்தால் இதே கருவி அதை உள்ளே தள்ளிவிடும். அப்போது திருகாணியைச் செலுத்தித் தக்கையைப் பிடித்துக்கொண்ட பிறகே தகடுகளை இறக்குங்கள். தூள் விழுந்தால் நைஸான எஃகு வடிகட்டி போதும். காபி வடிதாள் வேண்டாம், காகித ருசி ஏறும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் மணம் அடங்கி, புளிப்பு மட்டும் நாக்கைக் கடிக்கும். 12 டிகிரி அளவுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். எட்டுப் பேர் என்றால் முதலில் ஆளுக்கு 60 மில்லி, அவ்வளவுதான். 750 மில்லி பாட்டிலில் 480 போக 270 மிஞ்சும். நாற்பது நிமிடம் கழித்து ஆளுக்கு 30. அடியில் கிடப்பது பாட்டிலிலேயே இருக்கட்டும்.

இந்த இடைவெளிதான் உண்மையான பரிசோதனை. தீக்குச்சி நெடி கந்தகச் சேர்மங்களால் வருவது. கிண்ணத்தைச் சுழற்றக் கால் மணி நேரத்தில் பெரும்பாலும் விலகி, தேன், வறுத்த பாதாம், எலுமிச்சைத் தோல் எழும். தக்கையின் டிசிஏ என்ற சேர்மத்தால் கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை போகாது, நேரம் ஆக ஆகக் கூடவே செய்யும். காற்றால் கெட்டது நம் மூக்குக்கு எளிது: அடிபட்ட ஆப்பிள், அதனோடு வெந்தயம். வெந்தயத்துக்கு அதன் மணத்தைத் தரும் சோடோலான் என்ற சேர்மமே இங்கும் சேர்கிறது. லேசாக இருந்தால் முதுமையின் பகுதி. வேறெதுவும் தெரியாத அளவுக்கு வந்து, வாயில் புளிப்பும் தட்டையாகிவிட்டால் முடிந்துவிட்டது. நிறத்தைப் பொறுத்தவரை பொன் பரவாயில்லை, தேநீர்ப் பழுப்பு சந்தேகத்துக்குரியது.

நண்பர்களோடு சுவைப்பதில் ஒரு சங்கடம், முதலில் பேசுபவரின் மூக்கே எல்லோருக்கும் மூக்காகிவிடும். பேசும் முன் ஆளுக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். முடிந்தால் அதே தயாரிப்பாளரின் புதிய ஆண்டு ஒயினை முதலில் சுவையுங்கள். வயது என்ன செய்தது என்பது அப்போதுதான் தெரியும். அத்தரும் ஊதுபத்தியும் வேண்டாம். காரமும் வேண்டாம், ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். வேகவைத்த டஞ்சனஸ் நண்டு, உப்புக் குறைந்த ரொட்டி, தண்ணீர் இருந்தால் நிறைவு.

பழைய ஒயின் என்பதால் ஆல்கஹால் குறைந்துவிடாது. 13 சதவீத ஒயின் 150 மில்லியில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் உண்டு. அமெரிக்க அளவில் ஒரு முழுப் பானத்துக்குச் சற்று மேல். புதிய ஆண்டையும் 60 மில்லி சேர்த்துச் சுவைத்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஆல்கஹாலை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியில் வைத்திருக்கிறது. கர்ப்பிணிகள் ஒரு மிடறும் எடுக்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் தொல்லை தரலாம். கலிபோர்னியாவில் வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்ற வரம்பு இருந்தாலும் அதற்குக் கீழேயே கவனம் சிதறும். ஆளுக்கொரு துப்புக் குவளை மேசையில் இருக்கட்டும், ஓட்டப்போகிறவர் மட்டும் கேட்டு வாங்கும்படி விடாதீர்கள்.