கால்வாயின் உடம்பு எப்படி? விடியுமுன் போய்ப் பாருங்கள்

கொழும்பின் கால்வாய் ஒன்றில் பல வருடங்களாக மாதம் ஒருமுறை நீர் மாதிரி எடுத்து வந்தார்கள். அந்தப் பதிவேடு முதன்முதலாக என் கைக்கு வந்தபோது ஒன்றும் விளங்கவில்லை. கால்வாய் கறுத்துக் கிடக்கிறது, பாலத்தில் நின்றால் மூக்கைப் பொத்த வேண்டும். பதிவேட்டில் மட்டும், மீன் மூச்சுவிடத் தேவையான கரைந்த ஒட்சிசன் மாதா மாதம் நன்றாக இருக்கிறது. கருவி பழுதா என்று பார்த்தோம், பழுதில்லை. அப்புறம்தான் நேரம் எழுதிய கட்டத்தைக் கவனித்தேன். எல்லா மாதிரியும் காலை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் எடுத்தவை. அலுவலகத்தில் கையெழுத்து வைத்து, வாகனம் கிடைத்து, நெரிசலைத் தாண்டி வந்து சேர்கிற நேரம் அது.

ஒரு நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு அதே பாலத்துக்குப் போய்க் கருவியை இறக்கினோம். லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் ஒட்சிசன்கூட இல்லை.

காரணம் எளியது. நீரில் மண்டியிருக்கும் பாசி வெயில் பட்டால் ஒட்சிசனை விடும். இரவில் அதே பாசியும் அழுக்கைத் தின்னும் பக்டீரியாவும் சேர்ந்து அதை உறிஞ்சிவிடும். நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 பாகையில், நன்னீர் காற்றிலிருந்து இயல்பாகப் பிடித்து வைத்திருக்கக்கூடிய ஒட்சிசன் லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். ஆகவே நண்பகலில் கருவி 10, 11 என்று காட்டினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. கழிவின் ஊட்டத்தில் பாசி கொழுத்திருக்கிறது என்று பொருள். கொழும்பு நடுவிலுள்ள பேரை வாவி பச்சைச் சாயம் கரைத்ததுபோலத் தெரியும் நாட்களை நினைத்துப் பாருங்கள். குளத்து மீன் கூட்டமாகச் செத்து மிதப்பதைப் பெரும்பாலும் காலையில் நடக்கப் போகிறவர்கள்தான் முதலில் காண்கிறார்கள். அவை மூச்சுத் திணறியது விடிவதற்குச் சற்று முன்.

ஆறு, கால்வாய், சதுப்பு நிலம் இவற்றின் நலத்தைச் சொல்லும் குறிகாட்டிகளைத் தெரிவு செய்து கொடுப்பதும், அவற்றைத் தொடர்ந்து அளப்பதும் என் தொழில். எதை அளக்கிறோம் என்பதற்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட, எங்கே, எந்த நேரத்தில், அந்த எண் ஒரு கோட்டைத் தாண்டினால் யார் என்ன செய்வார் என்பதற்கு நாம் கொடுப்பதில்லை. இந்தத் துறையில் எனக்குள்ள பெரிய கவலை இதுதான்.

ஒருமுறை ஒரு திட்டக் கூட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட குறிகாட்டிகளின் பட்டியல் மேசைக்கு வந்தது. நைத்திரேற்று, பொசுபேற்று, பார உலோகம், பறவை, வண்ணத்துப்பூச்சி, எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இது கூடினால் அடுத்த நாள் யாருக்குத் தொலைபேசி எடுப்பது?" என்று எழுதிப் பார்க்கலாம் என்றேன். ஏழுக்குத்தான் பதில் கிடைத்தது. மீதியை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆய்வுக்கு அவை தேவை. ஆனால் ஆய்வுகூடச் செலவுக்குக் காசு முடிந்த வருடத்தில் முதலில் நின்றுபோனவையும் அவையே.

பதில் இருக்கும் குறிகாட்டிக்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு: களனி கங்கையின் நாகலகம் வீதி நீர்மட்ட அளவுகோல். நீர்ப்பாசனத் திணைக்களம் அதை இன்றும் அடிக்கணக்கில் சொல்கிறது. ஐந்து அடியைத் தாண்டினால் சிறுவெள்ளம், ஏழு அடியைத் தாண்டினால் பெருவெள்ளம். 2016 மே மாதம் களனி பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்து வீடுகளில் எத்தனை பேர் அந்த ஒரு எண்ணைக் கேட்டு வானொலியருகே இருந்தார்கள்! ஒரே இடம், ஒரே அளவு, தலைமுறை கடந்த பதிவு. எண்ணைக் கேட்டதும் சாமான்களை மேலே ஏற்றுவதா, வீட்டை விட்டுக் கிளம்புவதா என்று சனங்களுக்குத் தெரியும். நீரின் தரத்துக்கு அப்படி எல்லோர் வாயிலும் புழங்கும் ஒரு எண் கொழும்பில் இன்னும் இல்லை.

இன்னொன்று: கொழும்பில் இருப்பவர்கள் நீர் என்றால் கால்வாயையும் கடலையும் நினைக்கிறார்கள். நம் குழாயில் வரும் தண்ணீரின் பெரும்பகுதி களனியில், அம்பத்தளையில் எடுக்கப்படுவது. அந்தக் களனி பிறப்பது சிவனொளிபாதமலைப் பக்கத்தில். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி ஆகிறது. நோர்வூட், மஸ்கெலியாத் தோட்டங்களில் விழும் மழை, காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களில் தங்கி, மின்சாரம் தந்து, கித்துல்கல, அவிசாவளை வழியாக வெள்ளவத்தை வீட்டுக் குழாய்க்கு வருகிறது. நீரேந்து பிரதேசம் என்று நாங்கள் சொல்வது இந்த வழிக்கு மழைநீர் வடிந்து சேரும் நிலம் முழுவதையும்தான்.

மேலே ஒரு தோட்டத்தில் எனக்குக் கிடைத்த பாடத்தை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கற்கவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில், மலையூற்று நீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் சொன்னார்: "மிஸ், முந்தி மாசி பங்குனியிலயும் இந்தப் பீலி கை மொத்தத்துக்கு விழும். மேல இருந்த காட்டுத் துண்ட வெட்டினதுக்குப் பொறகு விரல் மொத்தந்தான்." மலை தன் மண்ணுக்குள் எவ்வளவு மழையை வாங்கி வைத்திருக்கிறது என்பதை மழைக்காலம் காட்டாது, கோடையில் ஊறும் நீர்தான் காட்டும். காடும் புல்லும் போய் மண் இறுகினால் மழைநீர் மேலாகவே ஓடிவிடும். மாரியில் வெள்ளம், கோடையில் வறண்ட பீலி. இதை அளக்க ஒரு பத்து லீற்றர் வாளியும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். வாளி நிறைய எத்தனை விநாடி? ஒவ்வொரு கோடையிலும் அதே பீலியில், அதே வாளியில். நான் பார்த்ததில் இதைவிட மலிவான, இதைவிட நேர்மையான குறிகாட்டி கிடையாது.

மழைக்குப் பின் கலங்கலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மழையில் ஆறு சிவப்பது இயல்பு. மழை நின்று எத்தனை மணித்தியாலத்தில் தெளிகிறது என்பதைக் குறித்து வையுங்கள். முன்பு ஒரு பகலில் தெளிந்த ஓடைக்கு இப்போது மூன்று நாள் தேவைப்படுகிறதென்றால் மேலே எங்கோ மண் திறந்து கிடக்கிறது.

கீழே, அம்பத்தளையில், நான் அதிகம் மதிக்கும் அளவு மின்கடத்துதிறன், அதாவது கரைந்த உப்புக்கேற்ப நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பது. மலையிலிருந்து வரும் நன்னீருக்கு அது மிகக் குறைவு. கடல்நீருக்கோ சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 50,000 மைக்ரோசீமென்ஸ். கொஞ்சம் உப்புநீர் கலந்தாலே கருவி துள்ளும். கோடையில் ஆற்றின் ஓட்டம் குறையும்போது கடல்நீர் அடிப்பக்கமாக மேலேறி வருகிறது. கனமான உப்புநீர் கீழே ஊர்வதால் மேற்பரப்பில் அளந்தால் தெரியாது, ஆழத்தில் அளக்க வேண்டும். மணல் அகழ்வினால் ஆற்றின் அடி தாழ்ந்துபோனதும் அதற்கு வழி திறந்து விட்டது. அதைத் தடுக்கத்தான் அம்பத்தளையில் உவர்நீர்த் தடுப்பு அமைக்கப்பட்டது. வரட்சி, மணல், மேலேயிருந்து எவ்வளவு நீர் விடுகிறார்கள் என்பது, மூன்றும் அந்த ஒரே எண்ணில் வந்து சேர்கின்றன. குடிக்கும் நீரில் உப்புக் கரித்தபோது அதிகம் கஷ்டப்பட்டவர்கள் போத்தல் தண்ணீர் வாங்க வசதியில்லாதவர்கள்.

உயிரினங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது அங்கேதான் அதிகம். "கால்வாயில் மீன் இருக்கிறதே மிஸ், பிறகென்ன?" என்று கேட்பார்கள். என்ன மீன் என்று பாருங்கள். திலாப்பியாவும், மீன்தொட்டிகளிலிருந்து தப்பி வந்த 'டேங்க் கிளீனர்' மீனும் ஒட்சிசன் குறைந்த நீரிலும் சமாளித்து வாழும். பின்னது மேலே வந்து காற்றையே விழுங்கிக்கொள்ளும். அவை மட்டுமே இருந்தால் அது கெட்ட செய்தி. சேற்றைக் கிளறினால் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிகின்றனவா? அதுவும் அப்படித்தான், ஒட்சிசன் அருகிய சேற்றில் வாழ்வதற்கேற்ற இரத்த நிறப்பொருள் அவற்றின் உடலில் உண்டு. மேல்நாட்டு ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு ஓடும் சின்னப் பூச்சிக் குடம்பிகள் அழுக்கைத் தாங்காதவை. கருவி காட்டுவது அந்த நிமிடத்து நீரை. கல்லடிப் பூச்சி பல மாதங்கள் அங்கேயே வாழ்ந்திருக்கிறது. நேற்று இரவு யாரோ திறந்துவிட்ட கழிவும் அதன் கணக்கில் இருக்கும்.

சதுப்பு நிலங்களில் வேறு சிக்கல். 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது. எனக்கு அது உண்மையிலேயே பெருமை. மீன்பிடிப் பூனை வாழும் தலைநகரம் உலகில் எத்தனை இருக்கும்? ஆனால் பரப்பளவை மட்டும் செய்மதிப் படத்தில் எண்ணினால் போதாது. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய வெல் ஆத்தா மரம் மண்டி மூடிய சதுப்பும் மேலிருந்து பச்சைதான். மிதக்கும் களையான சல்வீனியா மூடிய நீரும் பச்சைதான். ஆகவே பரப்போடு கூட, கனமழைக்குப் பின் அந்தச் சதுப்பில் நீர் எத்தனை நாள் நிற்கிறது, திறந்த நீர்ப்பரப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, தும்பிகளில் எத்தனை வகை வருகின்றன என்பவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

வாசிப்பவர்களில் யாராவது தொடங்க விரும்பினால் ஒரு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒரு பாலம் போதும். அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில், அதே பக்கம் பார்த்து ஒரு படம். நிறம், மணம், நுரை, பறவை, ஓட்டம்: ஐந்து சொல். மழை பெய்ததா என்று ஒரு குறிப்பு. விட்டுப்போன நாளை விட்டுப்போனதாகவே எழுதுங்கள், பிறகு நினைவிலிருந்து நிரப்ப வேண்டாம். நீருக்குள் மட்டும் வெறுங்காலோடு இறங்கவே கூடாது; எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல, காலில் சிறு கீறல் இருந்தாலே போதும்.

கால்வாய் ஓரத்து மாடிவீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதை ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒரு வருடத்துக்கு மேலாக எழுதியிருந்தார். பக்கங்களைப் புரட்டியபோது "வெள்ளை நுரை" என்ற சொல் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மாதிரி எடுத்ததில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் விடியுமுன் போனோம். நுரை எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. உரிய இடத்தில் முறையிட்டோம், விசாரணை நடந்தது, அந்தக் குழாய் அடைக்கப்பட்டது.

டீச்சர் இன்னும் எழுதுகிறார். போன ஞாயிறு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: "5.40. நுரை இல்லை. மணம் இருக்கிறது, குறைவு. கொக்கு 2. நேற்று மழை."