வாடகை வீட்டில் குழாய் ரிப்பேர்: செலவு யாருடையது?

வாடகை வீட்டுக்கு பிளம்பிங் வேலைக்குப் போனால், கருவிப் பையைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "இது வீட்டுக்காரர் செலவா, எங்கள் செலவா?" கழற்றிப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பழுதுக்கு என்ன காரணம் என்று தெரிந்தால், யார் பொறுப்பு என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஓடும் பைப், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர் மெயின் லைன் எல்லாம் வீட்டோடு சேர்ந்தவை. பழசாகித் துருப்பிடித்தால் உரிமையாளர்தான் பார்க்க வேண்டும். வாஷர், ஷவர் ஹோஸ் போலப் புழக்கத்தில் தேய்கிற சாமான்களைக் குடியிருப்பவர் மாற்றிக்கொள்வது பொதுவான வழக்கம். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஒப்பந்தத்தில் எழுதியதும் கணக்கில் வரும். ஆனால் "சிறு பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு" என்று மொட்டையாக எழுதினால் சண்டைதான் மிஞ்சும். எது சிறியது? சாமான்களின் பெயரைச் சொல்லியே எழுதிவிடுங்கள்.

தகராறு அதிகம் வருவது அடைப்பில்தான். ஒரு சிங்க்கில் மட்டும் தண்ணீர் தேங்கினால் அடைப்பு பக்கத்திலேயே இருக்கும். ட்ராப்பை (சிங்க் அடியில் இருக்கும் வளைந்த பைப்பை) கழற்றினால் முடிக்கற்றை, கெட்டியான எண்ணெய், ஈரத் துடைப்புத் தாள் வெளியே வரும். அது பயன்படுத்துகிறவர் கணக்கு. பிளஷ் செய்யும்போது குளியலறைத் தரை வழியாகத் தண்ணீர் மேலே வந்தால், கோளாறு மெயின் லைனில் இருக்க வாய்ப்பு அதிகம். பைப்புக்குள் மரவேர் நுழைந்திருக்கலாம், வாட்டம் சரியில்லாமல் இருக்கலாம். அதற்குக் குடியிருப்பவரைக் குறை சொல்வது நியாயமில்லை. குடிவந்து ஒரு வாரமே ஆனவரின் சமையலறை பைப்பில் பல வருட எண்ணெய் படிந்திருந்தால், அதுவும் அவர் செலவில்லை என்றுதான் நான் சொல்வேன். அப்புறம், அடைப்பு நீக்கும் ரசாயனத்தை ஏற்கனவே ஊற்றியிருந்தால் பிளம்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பைப்பைக் கழற்றும்போது அது எங்கள் முகத்தில்தான் தெறிக்கும்.

கசிவு வேறு மாதிரி. உரிமையாளர் செலவாக இருக்க வேண்டியது, சொல்லாமல் விட்டதால் குடியிருப்பவர் தலையில் விழுவதுண்டு. சிங்க் அடியில் பைப் இணைப்பு தளர்ந்தது அவர் தவறில்லை. அதன் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருந்து, அலமாரி உப்பி, சுவரில் பூஞ்சை ஏறிய பிறகு சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்? பார்த்த அன்றே புகைப்படத்தோடு செய்தி அனுப்புங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. தகவல் வந்த பிறகும் உரிமையாளர் இழுத்தடித்தால், அதற்குப் பின் பரவும் சேதத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தண்ணீர் பில் திடீரென்று ஏறினால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. முதல் சந்தேகம் பிளஷ் டேங்க் மேல்தான். டேங்க்கில் கொஞ்சம் உணவு நிறமியைக் கலந்து, பிளஷ் செய்யாமல் கால் மணி நேரம் காத்திருங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது. விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய்கூட நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டரை வீணாக்கும்.

சாவி கொடுக்கும் நாளிலேயே, வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வு எங்கே என்று உரிமையாளர் காட்டிவிட வேண்டும். பைப் வெடித்த நேரத்தில் அதைத் தேட முடியாது. சிங்க் அடி, டேங்க், தரை வடிகால் எல்லாவற்றையும் அன்றே இருவரும் சேர்ந்து வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

சொந்தப் பணத்தில் சரிசெய்துவிட்டு வாடகையில் கழிக்க நினைக்கிறவர்கள், எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். பில்லில் "பைப் வேலை" என்று மட்டும் எழுதினால் போதாது. பழுதுக்கான காரணத்தையும் எழுதித் தரும்படி பிளம்பரைக் கேளுங்கள்.