பனங்காடை அல்ல, காக்கையின் உறவு: சாண்டா குரூஸ் தீவின் ஜே

கால்நடை மருத்துவராகப் பறவை நோய்கள் குறித்து நான் எடுக்கும் வகுப்புகளில் தீவு ஸ்க்ரப் ஜே என்ற நீலப் பறவையின் படத்தைக் காட்டினால், ‘இது பனங்காடைதானே?’ என்று எவரேனும் கேட்பதுண்டு. பனங்காடையை ஆங்கிலத்தில் ‘புளூ ஜே’ என்றழைத்த பழைய வழக்கத்தால் வரும் குழப்பம் அது. பனங்காடை மீன்கொத்திகளுக்கு நெருக்கமானது. இந்த ஜேயோ நம் வாசலில் சோறு கொத்தும் காகத்துக்கும் வால்காக்கைக்கும் உறவு. மருத்துவர் கண்ணுக்கு இது முக்கியம். கொசுக்கள் பரப்பும் மேற்கு நைல் வைரஸ் காக்கைக் குடும்பத்தைத்தான் மிகக் கடுமையாகத் தாக்குகிறது.

கலிபோர்னியக் கரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள சாண்டா குரூஸ் தீவைத் தவிர இப்பறவை வேறெங்கும் இல்லை. கரையிலுள்ள உறவினத்தைவிட உடல் பெரிது, நீலம் அடர்த்தி, அலகும் பருமன். 1886-இலேயே விவரிக்கப்பட்டிருந்தும், நெடுங்காலம் கரையினத்தின் துணையினமாகவே எண்ணப்பட்டு, 1995-இல்தான் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கத்தால் தனி இனமாக ஏற்கப்பட்டது. அந்த முடிவோடு, ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் நிலமே ஓர் இனத்தின் மொத்த உலகம் என்றாகிவிட்டது. 2008 இலையுதிர்காலத்தில் மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை சுமார் 2,300.

இச்சிறு தீவுக்குள்ளேயே ஓக் காட்டில் வாழ்பவற்றின் அலகு குட்டையாகவும் தடித்தும், பைன் காட்டில் வாழ்பவற்றின் அலகு நீண்டு மெலிந்தும் இருக்கிறது. நடுவே கடலுமில்லை, மலைத்தடையுமில்லை. உடைக்க வேண்டிய ஓக் கொட்டையும், செதிலிடுக்கில் அலகை நுழைத்து விதை எடுக்க வேண்டிய பைன் கூம்பும் சேர்ந்து செய்த வேறுபாடு அது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். ஆகவே எண்ணிக்கை குறைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. எந்தக் காட்டில் குறைகிறது என்றும் பார்க்க வேண்டும்.

மேற்கு நைல் வைரஸ் 2003-இல் கலிபோர்னியாவை எட்டியபின், தீவின் ஜேக்களைப் பிடித்துத் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. பாராட்டத்தக்க பணிதான்; ஆனால் ஆண்டுதோறும் பிறக்கும் குஞ்சுகளையும் தேடிப் பிடித்தாக வேண்டும் என்பதால், ஊசியை மட்டும் நம்பி ஓர் இனத்தை விட்டுவைக்க என் மனம் ஒப்பவில்லை. அருகிலுள்ள சாண்டா ரோசா தீவில் இதன் எலும்பு எச்சம் கிடைத்துள்ளது. அங்கும் முன்பு வாழ்ந்திருக்கிறது. மீண்டும் அங்கே குடியேற்றலாமா என்று ஆய்வாளர்கள் விவாதித்திருக்கிறார்கள். குடியேற்ற வேண்டும் என்பதே என் கருத்து. இலையுதிர்காலத்தில் ஓக் கொட்டைகளை ஒவ்வொன்றாக மண்ணில் புதைத்து, சிலவற்றை எடுக்காமலே விட்டுவிடும் பறவை இது. ஆடுமாடுகள் மேய்ந்து மொட்டையாக்கிய அந்தச் சரிவுகளில் ஓக் மீண்டும் முளைக்கவும் அது உதவும்.