வளங்குன்றா வேளாண்மை

‘சஸ்டெயினபிள் அக்ரிகல்ச்சர்’ என்பதைத் தமிழில் நிலையான வேளாண்மை என்கிறார்கள், நீடித்த வேளாண்மை என்கிறார்கள், பேண்தகு வேளாண்மை என்றும் வளங்குன்றா வேளாண்மை என்றும் எழுதுகிறார்கள். நான்கும் ஒரே பொருளைத் தருவதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ‘கீழிருந்து தாங்கு’ என்பது அதன் பொருள். ஆனால் கருத்து முளைத்தது வயலில் அல்ல, காட்டில். ஜெர்மனியின் சாக்சனியில் வெள்ளித் தாதை உருக்க மரங்களை வெட்டித் தீர்த்ததில் விறகுக்கே பஞ்சம் வந்தது. சுரங்க நிர்வாகியான ஹன்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் 1713இல் எழுதிய நூலில், மறுபடி வளரும் அளவுக்கே வெட்ட வேண்டும் என்றார். 1987இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணையம், வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவதே ‘சஸ்டெயினபிள்’ வளர்ச்சி என்று வரையறுத்தது. சொல் உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான்.

வேளாண்மையில் கீழிருந்து தாங்குவது மண். ஓயாமல் உழுது, மட்கு (மக்கிய இலைதழைப் பொருள்) வற்றிப்போன வயலிலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டியும், மூடாக்கும் (மண்மேல் பரப்பும் வைக்கோல், இலைதழை) தொழுவுரமும் கண்ட வயலிலிருந்து இன்னொன்றும் எடுத்து, இரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்ல இறக்கிப் பாருங்கள். முதல் கட்டி சில நிமிடங்களில் கரைந்து சேறாகிவிடும். இரண்டாவது குமிழி விட்டபடி நீரை உறிஞ்சும், உருக்குலையாது. காலநிலை மாறிவரும்போது இந்த வேறுபாடு முக்கியம். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதலான நீராவியைச் சுமக்கும். அதனால் கொட்டினால் பெருமழை, ஓய்ந்தால் நீண்ட வறட்சி என்றாகிறது. அந்த மழையை உள்வாங்கி வைத்துக்கொள்ளும் மண்ணில் பயிர் இடைவறட்சியைத் தாங்கும். மற்றதில் மேல்மண்ணே மழையோடு போய்விடும். அடுத்த போகத்துக்கு என்ன மிஞ்சும்? உணவுப் பாதுகாப்பு என்ற பெரிய பேச்சின் அடியில் கிடப்பது இந்தக் கட்டிதான்.

இனி சொற்கள். ‘நிலையான’ என்றால் மாறாதது என்று தொனிக்கிறது. காலநிலை மாறும்போது சாகுபடி மட்டும் மாறாமல் நின்றால் பட்டுப்போகும். ‘நீடித்த’ இறந்தகாலப் பெயரெச்சம், ஏற்கெனவே நீடித்துவிட்டதைப் போல. ‘பேண்தகு’ அழகான சொல்தான். ஆனால் பேணத் தக்கது என்ற பொருளில், எதைப் பேணுவது என்பது விடுபடுகிறது. ‘குன்றா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். குன்றாத என்பதன் கடைசி எழுத்து கெட்டது. காலங்காட்டும் இடைநிலை இல்லாததால் நேற்று, இன்று, நாளை மூன்றுக்கும் பொது. ஆணையம் ஒரு வாக்கியத்தில் சொன்னதை இலக்கணம் ஓர் எழுத்தைக் கெடுத்துச் சொல்லிவிடுகிறது! குன்றக்கூடாதது வளம் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது.

இதை இயற்கை வேளாண்மையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது செயற்கை உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் விலக்கும் முறை. ஒரு பிடி ரசாயன உரம் போடாமலே, ஊறுவதைவிட வேகமாக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டிருந்தால் அது இயற்கை வேளாண்மையாக இருக்கலாம், வளங்குன்றா வேளாண்மை ஆகாது.

‘வேளாண்மை’க்கும் ஒரு பழைய பொருள் உண்டு. திருக்குறளில் அது பிறர்க்குச் செய்யும் உதவி. பயிர்த்தொழிலுக்கு அங்கே ‘உழவு’ என்றுதான் அதிகாரம்.

எழுதும்போது ‘வளங்குன்றா’ என்று சேர்த்தே எழுதலாம். ‘சஸ்டெயினபிலிட்டி’ என்ற பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் ‘வளங்குன்றாமை’ பொருந்தும்.