ஃபிளஷ் டேங்க் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

சொட்டும் குழாயைச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். கமோடின் பின்பக்கச் சுவரை ஒட்டி நூலாக இறங்கும் நீர் கண்ணிலும் படாது, காதிலும் விழாது. நிமிடத்துக்கு 100 மி.லி. கசிந்தாலே நாளுக்கு 144 லிட்டர். மூன்று மாதத்துக்குள் 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் சாக்கடைக்குப் போயிருக்கும். மோட்டாரை அடிக்கடி போட வேண்டியிருக்கிறதே என்று புலம்பும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இரவு எல்லோரும் படுத்தபின் மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து, காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி அளக்கவும். 110 செ.மீ. விட்டமுள்ள தொட்டியில் 1 செ.மீ. என்பது சுமார் 9.5 லிட்டர். எட்டு மணி நேரத்தில் 5 செ.மீ. இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. அடுத்து, ஃபிளஷ் டேங்கில் சொட்டு நீலம் சில துளிகள் விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருக்கவும். கமோடுக்குள் நீலம் தெரிந்தால் கசிவு அங்கேதான்.

கசிவுக்கு வழி இரண்டு: டேங்கின் அடியில் நீர் வெளியேறும் வாயை மூடும் ரப்பர் வாஷர், அல்லது நீர் நிரப்பும் மிதவை வால்வு. எது என்று பார்க்க, டேங்கின் உள்சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, டேங்குக்கு நீர் விடும் சுவர்க் குழாயான ஆங்கிள் காக்கை மூடவும். ஒரு மணி நேரத்தில் மட்டம் இறங்கினால் வாஷர். இறங்காமல் நின்று, ஆங்கிள் காக்கைத் திறந்ததும் நீர் ஏறி ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வழிந்தால் மிதவை வால்வு.

வாஷரை அழுத்திப் பிடிப்பது மேலே நிற்கும் நீரின் எடை மட்டுமே. 5 செ.மீ. அகல வாய்மேல் 25 செ.மீ. உயர நீர் நின்றால் அழுத்தும் எடை அரை கிலோகூட வராது. அதனால்தான் போர் தண்ணீரின் உப்புப் படிவமோ ஒரு மணல் துகளோ போதும், வாஷர் சரியாக உட்காராது. வாஷரையும் அது உட்காரும் விளிம்பையும் வினிகரில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். ரப்பர் விறைத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அளவுக்குப் பழையதையே கடைக்கு எடுத்துப் போவது நல்லது. இரட்டைப் பட்டன் டேங்கில் இன்னொரு கோளாறும் உண்டு: பட்டனுக்குக் கீழுள்ள தண்டு நீளமாக வைக்கப்பட்டிருந்தால் அது வாஷரைச் சற்றே தூக்கியபடியே இருக்கும். வாஷரை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. தண்டைத் திருகிக் குறைக்க வேண்டும்.

மிதவை வால்வு என்றால், நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ வாய்க்கு 2 செ.மீ. கீழே நிற்கும்படி மிதவையை இறக்கவும். இறக்கியும் நிற்கவில்லையா? பல புது வால்வுகளில் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வின் பின்னால் நீர் தேங்கி அழுத்தினால்தான் வழி மூடும். அந்த நீர் புகும் ஊசித்துளை அடைத்தால் வால்வு மூடாது. ஆங்கிள் காக்கை மூடி, வால்வின் தொப்பியைக் கழற்றி, சவ்வை எடுத்துக் கழுவவும். துளையைக் குத்திப் பெரிதாக்கிவிடக் கூடாது.

டேங்கில் போடும் குளோரின் வில்லைகள் ரப்பரை அரிக்கும். தண்ணீரைக் குறைக்கச் செங்கல் போடுவதும் வேண்டாம். அது கரைந்து, உதிரும் துகள் வாஷருக்கடியில்தான் போய் உட்காரும். பழைய 10 லிட்டர் டேங்க் என்றால், நீர் நிரப்பி மூடிய 1 லிட்டர் பாட்டிலை மிதவையில் படாமல் வைக்கலாம். இரண்டாம் முறை ஃபிளஷ் செய்ய நேர்ந்தால் பாட்டிலை எடுத்துவிடுங்கள்.