சென்ஸ் டேட்டா: தமிழில் புலன் தரவு

சாப்பிட உட்கார்ந்ததும் எதிரே இருக்கும் எவர்சில்வர் தட்டைப் பாருங்கள். வட்டத் தட்டுதான், ஆனால் கண்ணுக்குத் தெரிவது நீள்வட்டம். விளக்கை அணைத்தால் பளபளப்பும் போய்விடும். தட்டு மாறவில்லை, தெரிவது மட்டும் மாறுகிறது. அப்படி நேரடியாகத் தெரியும் அந்த நீள்வட்டத்தையும் பளபளப்பையும்தான் மெய்யியலில் 'சென்ஸ் டேட்டா' என்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பரவலாக்கியவர்கள் கேம்பிரிட்ஜின் மெய்யியலாளர்கள் மூரும் ரசலும்.

தமிழில் 'புலன் தகவல்' என்று எழுதக் கை போகும். வேண்டாம். தகவல் என்றால் வேறு எதையோ பற்றிச் சொல்வது. இங்கே நீள்வட்டம் எதைப் பற்றியும் சொல்லவில்லை, சும்மா தெரிகிறது. 'புலன் தரவு' என்பதே சரி. லத்தீனில் 'டேட்டம்' என்றால் கொடுக்கப்பட்டது. நம் 'தரவு' என்ற சொல்லும் 'தா, தரு' என்ற அதே கொடுத்தலில் பிறந்ததுதான். 'புலன்' இன்னும் பொருத்தம். கண், செவி முதலியவை பொறிகள். 27ஆம் குறள் வரிசைப்படுத்தும் சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் ஆகியவை புலன்கள். அறியும் கருவிக்கும் அறியப்படுவதற்கும் தமிழ் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது.

சரி, பெற்றுக்கொள்ள ஆளில்லாத இடத்தில் 'தரப்பட்டது' என்று எதைச் சொல்வது? யாரும் உணராதபோது தரவு இல்லை. அப்படியானால் இந்தத் தரவுகளை மட்டும் வைத்து, நாம் பார்க்காதபோதும் நிலைத்திருக்கும் உலகைக் கட்ட முடியுமா?

பதினெட்டாம் நூற்றாண்டு மெய்யியலாளர் பார்க்லி, கடவுள் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார். இன்னொரு மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1865இல் வேறு வழி சொன்னார்: பொருள் என்பது 'உணர்வதற்கான நிலையான வாய்ப்பு'. அதாவது, போய்ப் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். எனக்கு இது போதவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். திரும்பி வந்தால் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கிடக்கிறது. நடுவில் அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அடுப்பை அணைத்தது பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஒரு வாய்ப்பா? வாய்ப்பு பொங்காது, பால்தான் பொங்கும்.

இந்த இக்கட்டு ரசலுக்கும் தெரிந்திருந்தது. முதலில், தரவுகளுக்குப் பின்னால் அவற்றை உண்டாக்கும் பொருள் இருக்கிறது என்று ஊகிப்பதே நியாயம் என்றார். அப்புறம் 1914இல் அந்த ஊகத்தைக் குறைக்கப் பார்த்தார். உணரப்படாத தரவு என்று சொல்ல வார்த்தை இடம் தராததால் 'சென்சிபிலியா' என்ற சொல்லை எடுத்தார்: தரவின் அதே தன்மை உள்ளவை, ஆனால் எந்த மனத்துக்கும் தரப்பட்டிருக்க வேண்டியதில்லை. இதைத் தமிழில் 'புலப்படத்தக்கவை' எனலாம். இரண்டுக்கும் 'புலன் தரவு' என்றே எழுதினால், ரசல் எதற்காகப் புதுச் சொல் தேடினார் என்பதே தமிழ் வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.